கைத்தொலைபேசியில் வரும் செய்தியை ஆராய்ந்து பார்ப்போம்



முன்பு வயலில் நோய் கண்டால் வட்டைவிதானையாரிடமோ விவசாயப் போதனாசிரியரிடமோ கேட்டோம். இன்று பிள்ளையின் கைத்தொலைபேசியை வாங்கி இணையத்தில் தேடுகிறோம். இது நல்லதே. ஆனால் இடம்பெயர்ந்து, கடன்பட்டு மீண்டும் விதைத்த குடும்பத்துக்குப் பிழையான ஒரு தகவலால் ஒரு போகமே அழிந்து போகலாம். ஆகவே எதையும் நம்பு முன் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம்.

1. சொல்பவர் யார்?
பெயரும் முகவரியும் உண்டா? அவரே மருந்தும் விற்கிறாரா? விவசாயத் திணைக்களம் போன்ற அரச தளங்களின் முகவரி 'ஜீ.ஓ.வி. புள்ளி எல்.கே.' என்று முடியும்.

2. எப்போது சொன்னது?
2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. தடை பற்றிய பழைய செய்தியை இன்றும் இணையத்தில் காணலாம். அது பொய்யல்ல, ஆனால் காலம் கடந்தது. திகதியைப் பாருங்கள்.

3. எந்த மண்ணுக்குச் சொன்னது?
தமிழ்நாட்டு வீடியோக்கள் குறுவை, சம்பாப் பட்டங்களைப் பற்றிப் பேசும். நமக்கோ பெரும்போகமும் சிறுபோகமும். மருந்திலும் வேறுபாடு உண்டு. பரகுவாட் களைகொல்லியை இலங்கை 2008 முதல் படிப்படியாகக் குறைத்து 2011 இல் நிறுத்தியது. இந்தியாவில் அது அதன் பின்னரும் விற்கப்பட்டது. மொழி ஒன்றாயினும் மண்ணும் சட்டமும் வேறு.

4. சோதித்து உறுதிப்படுத்தியவர் யார்?
2018 பெப்ரவரியில், நமக்கு அடுத்த அம்பாறையில், முஸ்லிம் சகோதரர் ஒருவரின் உணவுக்கடைக் கறியில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை இருந்ததாகக் கதை பரவியது. அவரை மிரட்டி எடுத்த வீடியோ பேஸ்புக்கில் ஓடியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. அதற்குள் நடக்கவேண்டிய அழிவெல்லாம் நடந்துவிட்டது. ஆயிரம் பேர் அனுப்பியதால் ஒரு செய்தி உண்மையாகிவிடாது. ஆயிரம் பேரும் ஒருவரிடமிருந்தே பெற்றிருக்கலாம்.

இந்த நான்கில் ஒன்றுக்கேனும் விடை கிடைக்காவிட்டால் மருந்து தெளிக்காதீர்கள், பணம் கொடுக்காதீர்கள், மற்றவருக்கு அனுப்பாதீர்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்குப் பேசுங்கள். அல்லது நோய்கண்ட பயிரைப் பிடுங்கிக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் செல்லுங்கள்.

குழுவாகச் சிந்திக்க:
- இந்த மாதம் உங்களுக்கு வந்த ஒரு செய்தியை எடுத்து, நான்கு கேள்விகளையும் கேளுங்கள். எதற்கு விடை கிடைக்கவில்லை?
- முகாமில் இருந்த நாட்களில் வதந்தியை நம்பி நாம் இழந்தவை எவை?