முட்டை, கிருமி, டி.என்.ஏ.: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் சாலையின் இருமருங்கிலும் கோழிப்பண்ணைக் கொட்டகைகளைக் காணும் எவருக்கும், இப்பிரதேசத்தின் ஜீவனம் முட்டையின் தூய்மையையே ஆதாரமாகக் கொண்டது என்பது விளங்கும். ஆதலால் கிருமியைப் பற்றியும், அதைக் கண்டறியப் பயன்படும் ‘ஆப்டமர்’ என்னும் டி.என்.ஏ. இழைகளைப் பற்றியும் தெளிவு பெறுவது அவசியம்.

நம்பிக்கை: ஓடு சுத்தமாயிருந்தால் முட்டையும் சுத்தமே.

உண்மை: எச்சத்தின் வழியே ஓட்டில் ஒட்டுவதோடு நில்லாமல், சால்மோனெல்லா என்னும் கிருமியின் ‘என்டெரிடிடிஸ்’ வகை, நோய்க்குறி ஏதும் காட்டாத கோழியின் சினைப்பையிலும் தங்கி, ஓடு உருவாகுமுன்பே முட்டைக்குள் புகுந்துவிட வல்லது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை முடியச் சில நாட்களாகும். அதற்குள் முட்டை லாரியேறிக் கேரளம் சேர்ந்துவிடும்.

நம்பிக்கை: டி.என்.ஏ. பரம்பரைக் குணங்களைச் சுமப்பதற்கு மட்டுமே உரியது.

உண்மை: ஒற்றை இழையாக நிற்கும்போது அது தன்மேல் தானே மடிந்து விசேஷமான வடிவங்களைப் பெறும், அவ்வடிவத்திற்கு இசைந்த பொருளைப் பற்றிக்கொள்ளும். 1990இல் டியூர்க், கோல்ட் என்னும் விஞ்ஞானிகளும், எலிங்டன், சோஸ்டாக் என்னும் விஞ்ஞானிகளும் ஆர்.என்.ஏ.வில் தனித்தனியே நிரூபித்த இத்தன்மை, 1992இல் டி.என்.ஏ.வுக்கும் உண்டென்று தெரியவந்தது. வெவ்வேறு வரிசை கொண்ட கோடானுகோடி இழைகளை உயிருள்ள கிருமிகளோடு கலந்து, சுழற்றி, ஒட்டாதவற்றைக் கழுவி நீக்கி, ஒட்டியவற்றைச் சூடேற்றிப் பிரித்தெடுத்து, பி.சி.ஆர். முறையால் பெருக்கி, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்கிறார்கள். பிற கிருமிகளையும் பற்றும் இழைகளை இடையிடையே விலக்குவதால், குறித்த கிருமியை நாடுபவையே முடிவில் மிஞ்சுகின்றன; அவையே ஆப்டமர்கள்.

நம்பிக்கை: ஆப்டமருக்காக மாற்றியமைத்த டி.என்.ஏ. என்றால் மரபணு மாற்றம்.

உண்மை: இங்கு மாற்றம் என்பது, ஆய்வுக்கூடத்தில் செய்த இழையின் காரங்களில் வேதியியல் தொகுதிகளை இணைப்பதே, அதனால் பிடிப்பு வலுப்பெறும், இழையைச் சிதைக்கும் நொதிகளையும் அது தாக்குப்பிடிக்கும். கோழியின் மரபணுவை அது தீண்டுவதில்லை.

நம்பிக்கை: ஒட்டும் இழை கிருமியைக் கொன்றுவிடும்.

உண்மை: பற்றுதல் வேறு, கொல்லுதல் வேறு. பெரும்பாலான ஆப்டமர்கள் கிருமி இருக்கிறதா என்று அறிவிக்கும் கருவிகளே. எனினும் இவ்வறிவிப்பு அற்பமன்று. உணவுக்குரிய பிராணிகளுக்கான கோலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் தயாரிப்பையும் விற்பனையையும் 2019இல் இந்திய அரசு தடைசெய்திருக்கும் இக்காலத்தில், கிருமி இன்னதென்று அறியாமல் தீவனத்தில் மருந்து கலக்கும் வழக்கத்தைக் கைவிட விரும்பும் பண்ணையாளருக்கு விரைவான சோதனையே முதல் துணை. அத்தகைய சோதனை பண்ணை வாசலுக்கு வந்தபின்னும், மஞ்சட்கரு கெட்டியாகும்வரை முட்டையை வேகவைப்பது நம் சமையலறையின் கடமையாகவே இருக்கும்.