கணக்கு மார்க் எங்கிருந்து வருகிறது? அக்கா சொல்லும் 7 டிப்ஸ்

நம் விருதுநகர் மாவட்டம் பரீட்சைக்குப் பேர் போனது. 2023 பிளஸ் டூ ரிசல்ட்டில் 97.85 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம். அந்தப் பேரே நம் ஊரான சோழபுரத்துப் பிள்ளைகள் தலையில் ஒரு பாரமாகவும் இறங்கிவிடுகிறது. அதிலும் கணக்கு என்றாலே சில பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் கணக்கு மார்க் என்பது யாரோ மனசு வைத்துப் போடுகிற வரம் இல்லை. அது ஒரு கூட்டல். எந்தப் பகுதியிலிருந்து எத்தனை வருகிறது என்று தெரிந்துகொண்டால் அந்தக் கூட்டலை நீங்களே போடலாம்.

1. நூறையும் முதலில் பிரித்துப் பார்

பத்தாம் வகுப்பு ஸ்டேட் போர்டு கணக்கில் செய்முறை மார்க், அகமதிப்பீடு எதுவும் கிடையாது. நூறும் எழுத்துத் தேர்வுக்குத்தான். ஒரு மார்க் 14 கேள்வி: 14. இரண்டு மார்க்கில் 14 கேட்டு 10 எழுத வேண்டும்: 20. ஐந்து மார்க்கிலும் 14 கேட்டு 10 எழுத வேண்டும்: 50. கடைசியில் வடிவியலும் வரைபடமும், எட்டு எட்டாக 16. மொத்தம் 100. இரண்டு மார்க்கில் 28-வது கேள்வியும் ஐந்து மார்க்கில் 42-வது கேள்வியும் கட்டாய வினா. அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதி ஈடுகட்ட முடியாது.

2. பாஸுக்கு வழி எங்கே என்று பார்

தேர்ச்சிக்கு 35 வேண்டும். வடிவியல், வரைபடம் இரண்டையும் முழுசாகப் போட்டால் 16. புத்தகத்தின் பின்பக்க ஒரு மார்க் கேள்விகளை ஒன்று விடாமல் பார்த்துவிட்டுப் போய் 14-ல் 11 எடுத்தால் 27 ஆகிவிட்டது. நான்கு இரண்டு மார்க் சரியாக வந்தால் 35. கணக்கே வராது என்று உட்கார்ந்திருக்கிற பிள்ளை முதலில் இந்த வழியைப் பிடிக்கட்டும். பயம் போன பிறகு ஐந்து மார்க் பக்கம் போகலாம். சென்டம் எடுக்க நினைக்கிற பிள்ளைக்கு வழி வேறு. அந்த இரண்டு கட்டாய வினாவுக்கும் எட்டு இயலையும் விடாமல் பார்த்திருக்க வேண்டும்.

3. படிக்குப் படி மார்க் உண்டு

பேப்பர் திருத்துகிறவர்களுக்கு விடைக்குறிப்பு கொடுப்பார்கள். அதில் படிநிலைக்கு மார்க் பிரித்திருக்கும். ஒரு கூம்பின் ஆரம் 7 செ.மீ., உயரம் 24 செ.மீ., வளைபரப்பு என்ன என்று கேட்டால், முதலில் சாயுயரம் கண்டுபிடிக்க வேண்டும். 49-ஐயும் 576-ஐயும் கூட்டினால் 625. அதன் வர்க்கமூலம் 25. பிறகு பை × ஆரம் × சாயுயரம். 22/7 × 7 × 25 = 550 ச.செ.மீ. அவசரத்தில் கடைசிப் பெருக்கலை 540 என்று போட்டுவிட்டாலும் சூத்திரத்துக்கும் சாயுயரத்துக்கும் உரிய மார்க் உன்னுடையதுதான். வெறும் 540 என்று மட்டும் எழுதி வைத்தால் ஒன்றும் கிடைக்காது. அதனால் மனக்கணக்கில் புலியாக இருந்தாலும் எல்லாப் படியையும் தாளில் எழுது. அலகை மறக்காதே.

4. சின்னச் சின்ன இழப்பை அடை

ஒரு மார்க் கேள்விக்கு (அ), (ஆ) என்ற குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். வடிவியலில் உதவிப்படம் வரையாமல் நேராகக் காம்பஸை எடுக்காதே. வரைபடத்தில் அச்சுகளுக்குப் பெயர், அளவுத்திட்டம், அட்டவணை எதுவும் விடுபடக் கூடாது. கோட்டை மட்டும் அழகாக வரைந்துவிட்டு அளவுத்திட்டம் எழுதாமல் மார்க்கை விடுகிற பிள்ளைகள் ஊருக்கு ஊர் உண்டு.

5. சித்தப்பா பிள்ளையோடு ஒப்பிடாதே

ஒரே குடும்பத்தில் ஒருத்தி அரசுப் பள்ளியிலும், இன்னொருத்தன் ராஜபாளையத்தில் சி.பி.எஸ்.இ. பள்ளியிலும் படிப்பார்கள். பெரியவர்கள் இரண்டு மார்க்கையும் பக்கத்தில் வைத்துப் பேசுவார்கள். ஆனால் இரண்டும் வேறு கணக்கு. அவனுக்கு எழுத்துத் தேர்வு 80-க்கு, மீதி 20 பள்ளியே போடுகிற அகமதிப்பீடு. பாஸ் 33 சதவீதம். கிரேடும் அங்கே வேறு மாதிரி. பாஸானவர்களை மார்க் வரிசையில் நிறுத்தி, முதல் எட்டில் ஒரு பங்குக்கு ஏ1, அடுத்த எட்டில் ஒரு பங்குக்கு ஏ2 என்று கொடுப்பார்கள். கூட எழுதினவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது அது. உன் மார்க்கோ நீ எழுதினதற்கு மட்டும் வருவது.

6. போன வருஷத்து அக்காவோடும் ஒப்பிடாதே

2024-ல் ஸ்டேட் போர்டு பத்தாம் வகுப்புக் கணக்கில் 20,691 பேர் சென்டம். 2025-ல் 1,996 பேர்தான். ஒரே வருஷத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மூளை மழுங்கிவிடாது. கேள்வித்தாளும் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. அம்மா, அப்பா, இதைத் தயவுசெய்து மனசில் வையுங்கள். மாநில ரேங்க் அறிவிப்பதை அரசே 2017-லேயே நிறுத்திவிட்டது. வீட்டில் மட்டும் ஏன் தொடர வேண்டும்?

7. திருத்தின பேப்பரைத் தூக்கிப் போடாதே

காலாண்டு, அரையாண்டு மார்க் பொதுத் தேர்வு மார்க்கில் சேராது. கொரோனாவால் தேர்வு ரத்தான 2020-ல் மட்டும் அந்த இரண்டு தேர்விலிருந்து 80 சதவீதம், வருகைப்பதிவிலிருந்து 20 சதவீதம் எடுத்துப் போட்டார்கள். சேராவிட்டாலும் அந்தப் பேப்பர்தான் உனக்கு நல்ல வாத்தியார். கைக்கு வந்ததும் முதலில் கூட்டலைச் சரிபார். தப்பிருந்தால் பயப்படாமல், "சார், கூட்டலை ஒரு தடவை பார்க்கிறீங்களா?" என்று கேள். பிறகு போன மார்க்கை மூன்றாகப் பிரி: தெரியாமல் போனது, தெரிந்தும் தப்பாய்ப் போட்டது, நேரம் பத்தாமல் விட்டது. முதல் வகைக்குப் பாடம் படிக்க வேண்டும். இரண்டாவதற்குப் போட்ட கணக்கைத் திரும்பச் சரிபார்க்கிற பழக்கம் வேண்டும். மூன்றாவதற்கு வீட்டில் கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம் எழுதிப் பழக வேண்டும். மூன்றில் எது பெரிதோ அதிலிருந்து இந்த வாரமே ஆரம்பி.