நம்பிக்கைகளும் உண்மைகளும்: பாதம் நேராக நிற்க வேண்டுமா?

“பாதம் இரண்டும் தண்டவாளம் மாதிரி நேரே முன்னுக்குப் பார்க்க வேணும்.” ஸ்காபரோவில் ரோட் பைக் வாங்குகிற எவருக்கும் இதை யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். அதை நம்பி, வெளியே திரும்புகிற வலது பாதத்தை நேராக்கச் சப்பாத்தின் அடியிலுள்ள கிளீற்றை இறுக்கிப் பூட்டுகிறார்கள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். இயன்மருத்துவராகச் சொல்கிறேன், இது பிழையான உபதேசம். தயவுசெய்து நிறுத்துங்கள்.

மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தளர்வாகத் தொங்கவிட்டுக் குனிந்து பாருங்கள். பெரும்பாலானோருக்குப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். ஒரு பாதம் மற்றதைவிடக் கூடுதலாகத் திரும்பியிருப்பதும் சாதாரணம். வளர்ந்தவர்களின் கணைக்கால் எலும்பே கீழே வரவர வெளிப்பக்கமாக முறுகியிருக்கிறது; இடமும் வலமும் ஒரே அளவில் முறுகுவதில்லை. நடக்கும்போது பாதம் தன் கோணத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். பெடலில் பூட்டிய பாதத்துக்கு அதற்கு இடமில்லை. நிமிடத்துக்கு 80 சுற்று என்றால் மணிக்கு 4,800 தடவை அந்தத் திருகலை முழங்கால் வாங்குகிறது. நோகாமல் என்ன செய்யும்?

பூட்டுப் பெடலை 1984இல் ரோட் பைக்குக்குக் கொண்டுவந்தது பிரான்சின் லுக் நிறுவனம். அடுத்த ஆண்டு அதை மிதித்தே பெர்னார் இனோ டூர் டி பிரான்ஸ் வென்றார். இன்று அதே லுக் கறுப்பு, சாம்பல், சிவப்பு என்று முறையே 0, 4.5, 9 பாகை அசைவுள்ள கிளீற்றுகளை விற்கிறது. பாதம் அசையக்கூடாது என்றால் 9 பாகை எதற்கு? இன்னொன்று கவனியுங்கள்: ஷிமானோவில் சிவப்பு என்றால் 0, நீலம் 2, மஞ்சள் 6. லுக்கில் பழகியவர் ஷிமானோவிலும் சிவப்பையே வாங்கினால் காலைக் கட்டிப்போட்ட கதைதான். தொடங்குகிறவர்களுக்கு நான் மஞ்சளைத்தான் சொல்வேன்.

விரல் வெளியே திரும்ப வேண்டுமானால் கிளீற்றின் மூக்கை உள்ளே, பெருவிரல் பக்கம் திருப்ப வேண்டும். பலர் எதிர்ப்பக்கம் திருப்பி வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். ஆணியைத் தளர்த்தும் முன் பழைய இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள். குதி கிராங்கில் உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

“உனக்கு ஒரு கால் கட்டை” என்பது அடுத்த நம்பிக்கை. சிறிய வித்தியாசம் எத்தனையோ பேருக்கு உண்டு. முதலில் இருக்கையைப் பாருங்கள். அது உயர்ந்துவிட்டால் இடுப்பு ஒரு பக்கம் சரிந்து, நல்ல காலும் கட்டையாகத் தெரியும். கால்களை அளக்காமல் கிளீற்றின் அடியில் உயரத் தகடு வைக்காதீர்கள்.

விரல் விறைப்பது இரத்த ஓட்டக் குறைவு என்று பயப்படுகிறார்கள். அநேகமாகச் சப்பாத்து ஒடுக்கம், அல்லது கிளீற் மிகவும் முன்னே இருக்கிறது. பின்னே தள்ளிப் பாருங்கள்.

ஒரு பக்கக் கிளீற் மட்டும் தேய்ந்தாலும் பாதம் சரியும். சிவப்பு விளக்கில் எப்போதும் ஒரே காலைத்தானே ஊன்றுகிறோம்? மாட்டின் குட்மன் பாதையில் ஏரியோரமாக நிற்காமல் ஓடுகிறவரின் கிளீற்றையும், எக்ளின்ரன் கிழக்கில் சந்திக்குச் சந்தி நின்று வருகிறவரின் கிளீற்றையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். ஸ்காபரோவுக்கு ஒழுங்கான சைக்கிள் தடம் வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். புளோர், யங், யூனிவர்சிற்றித் தடங்களைப் பெயர்க்க மாகாண அரசு 2024இல் சட்டம் கொண்டுவந்தது. அது கனடிய உரிமைகள் சாசனத்துக்கு முரண் என்று ஒன்ராறியோ உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. நகரின் நடுவில் இருக்கிற தடத்துக்காக நீதிமன்றம்வரை போக ஆட்கள் இருந்தார்கள். எங்கள் தெருக்கள் பலவற்றில் இன்னும் ஒழுங்கான தடமே இல்லை. உங்கள் நகரசபை உறுப்பினருக்கு இந்த வாரமே எழுதுங்கள்.