மூச்சு மாஸ்க்: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

உறக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பதுதான் ஸ்லீப் ஆப்னியா. குறட்டையோடு வரும் அடைப்பு வகையில் தொண்டை அடைத்துக்கொள்கிறது. சென்ட்ரல் ஸ்லீப் ஆப்னியாவில் தொண்டை திறந்தேதான் இருக்கும். மூச்சு விடச் சொல்லும் உத்தரவுதான் மூளையிலிருந்து வராது. நெஞ்சு அசையாமல் 10 விநாடியோ அதற்கு மேலோ கழியும். இதயச் செயலிழப்பு, பக்கவாதம், மார்ஃபின் வகை வலிமருந்து ஆகியவற்றோடு சேர்ந்து இது அதிகம் வருகிறது. சிலருக்கு, மாஸ்க் வழியே தொடர் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் சிபேப் இயந்திரத்தை அடைப்பு வகைக்காகப் போட ஆரம்பித்த பிறகே இது தலைகாட்டும்.

உறக்கத்தில் மூச்சை நடத்துவது பெரும்பாலும் இரத்தத்திலுள்ள கரியமில வாயுதான். அதன் அளவு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் மூளை மூச்சை நிறுத்திவிடுகிறது. மாஸ்க்கில் உள்ள பொடித் துளைகளோ, நாம் வெளியே விட்ட மூச்சையும் அதிலுள்ள கரியமில வாயுவையும் வெளியேற்றுவதற்காக வைக்கப்பட்டவை. ஆகவே இந்த நோயில் அந்தத் துளைகளும் சிகிச்சையின் ஒரு பகுதி. இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது. முகத்தில் படுகிற பாகங்களை நீங்கள் வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். மூச்சு போய்வரும் வழியில் கைவைப்பதானால் அது ஸ்லீப் லேப் மருத்துவரின் பொறுப்பில்தான் நடக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• இதயத்தின் எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் இயந்திரத்தைப் பற்றிப் பேசுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் தக்கபடி அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏஎஸ்வி இயந்திரம் சென்ட்ரல் வகையை நன்றாகவே அடக்கும். ஆனால் 2015-இல் வெளியான ‘சர்வ்-ஹெச்எஃப்’ ஆய்வு, இதயத்தின் இரத்தம் வெளியேற்றும் திறன் 45 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவர்களிடம் இதயநோய் மரணங்கள் இந்த இயந்திரத்தால் கூடியதைக் காட்டியது. மூச்சு நின்றுபோவது குறைந்தும் மரணம் கூடியது என்பதுதான் மருத்துவர்களையே திகைக்கவைத்த செய்தி. உறவினர் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று ஏஎஸ்வியை வாங்கிவந்து மாட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

• மாஸ்க்கைப் படுத்த நிலையில், இயந்திரம் ஓடும்போது பொருத்துங்கள். உட்கார்ந்தபடி சரியாக இருக்கும் பட்டை, படுத்ததும் கன்னம் சரிய, தளர்ந்துபோகும். மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கிவிட்டால் சிலிக்கான் குஷன் காற்றில் உப்பித் தானாகப் படியும். பட்டையை இறுக்கிக்கொண்டே போவதால் மூக்குத்தண்டில் புண்தான் மிஞ்சும்.

• கசிவைக் கவனியுங்கள். இயந்திரம் மெல்லிய அழுத்த அலைகளை அனுப்பித்தான் தொண்டை திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கிறது. கசிவு அதிகமானால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. மூச்சு எத்தனை முறை நின்றது என்று காலையில் திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவதற்கு முன் கசிவு அளவைப் பாருங்கள்.

• படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் அதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் குஷன் வழுக்கும், பட்டையும் சீக்கிரம் நைந்துபோகும். அடர்ந்த மீசை தாடி உள்ளவர்களுக்கு, மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறிய வகை மாஸ்க் கசியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். மாஸ்க் வகையை மாற்றினால் இயந்திரத்தின் அமைப்பிலும் அதை மாற்றச் சொல்லுங்கள்.

• குஷனை தினமும் கழுவுங்கள். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றுங்கள்.

• மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் ஏற்பாடு செய்யுங்கள். இயந்திரம் நின்றால் துளைகள் வழியே வெளிமூச்சைத் தள்ளக் காற்றோட்டம் இருக்காது. வாயையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கில் அதற்காகவே ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. இயந்திரம் ஓடாதபோது அதன் மடல் திறந்திருக்கிறதா என்று மாட்டும் முன் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• மாஸ்க்கின் துளைகளை டேப் ஒட்டி அடைக்காதீர்கள். கரியமில வாயு குறைவதால்தானே மூச்சு நிற்கிறது, அதைக் கொஞ்சம் உள்ளேயே தக்கவைத்தால் என்ன என்ற யோசனை இயல்பாக வரும். அந்த யோசனைக்கு மருத்துவத்தில் இடமும் உண்டு. பாஸ்டனில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் தாமஸும் அவருடைய குழுவினரும், துளையில்லாத மாஸ்க்கை எடுத்து, அதற்கும் காற்று வெளியேறும் துளைக்கும் நடுவே 50 முதல் 150 மி.லி. கொள்ளளவுள்ள குழாய்த்துண்டு வைத்தார்கள். விட்ட மூச்சில் ஒரு சிறு பங்கு திரும்ப உள்ளே போகும். கரியமில வாயு எல்லைக்குக் கீழே இறங்காது. 2010-இல் இதன் பலனை வெளியிட்டார்கள். ஆனால் அங்கே காற்று வெளியேற வேறோர் இடத்தில் துளை இருந்தது. லேபில் கரியமில வாயுவை அளந்து பார்த்துத்தான் குழாயின் அளவைத் தீர்மானித்தார்கள். டேப் ஒட்டுகிறவரிடம் இவை எதுவும் கிடையாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர், மிகுந்த உடல் பருமனால் மூச்சு ஆழம் குறைந்தவர், மார்ஃபின் வகை மருந்து எடுப்பவர் ஆகியோருக்குக் கரியமில வாயு ஏற்கெனவே கூடுதலாக இருக்கக்கூடும். அவர்களுக்கு இது உயிருக்கே உலை வைக்கும்.

• துளையில்லாத மாஸ்க்கைத் தவறுதலாக வாங்கிவிடாதீர்கள். அது மருத்துவமனை வென்டிலேட்டருக்கானது. பெரும்பாலும் குழாய் சேரும் இணைப்பு நீல நிறத்தில் இருக்கும்.

• விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 97 காட்டுகிறது, எல்லாம் சரி என்று இருந்துவிடாதீர்கள். அது ஆக்ஸிஜனை மட்டுமே காட்டும். கூடுதல் ஆக்ஸிஜன் வைத்திருப்பவரிடம் எண் அழகாக இருக்கும்போதே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கலாம்.

• ஆக்ஸிஜனை நீங்களாக இணைக்காதீர்கள். மருத்துவர் எழுதியிருந்தால், முதலில் இயந்திரத்தை ஓடவிட்டுப் பிறகு ஆக்ஸிஜனைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது ஆக்ஸிஜனை முதலில் மூட வேண்டும். அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது.

• பேஸ்மேக்கர் வைத்தவர் காந்தக் கொக்கி உள்ள மாஸ்க்கைப் போடக்கூடாது. மூளை இரத்தக்குழாயில் உலோகக் கிளிப் வைத்தவருக்கும் இதேதான். பக்கத்தில் படுப்பவருக்கு அப்படி ஒரு கருவி இருந்தாலும் ஆபத்து அவருக்கும் உண்டு. இந்த நோயாளிகளில் இதய நோயாளிகள் மிகுதி என்பதால், மாஸ்க் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

• பக்கவாதத்தால் கை வலுவிழந்தவருக்கு வாய்மூக்கு இரண்டையும் மூடும் மாஸ்க்கை மாட்டித் தனியே தூங்கவிடாதீர்கள். வாந்தி வந்தால் அவரால் கழற்ற முடியாது.

• மூச்சு நிற்பது குறையவில்லை என்று அழுத்தத்தை நீங்களே ஏற்றாதீர்கள். அடைப்பு வகையில் உதவும் அதே அழுத்தம் இங்கே கரியமில வாயுவை இன்னும் இறக்கி, மூச்சு நிற்பதைக் கூட்டலாம்.

• சிபேப் ஆரம்பித்த பின் தோன்றிய சென்ட்ரல் வகை என்றால் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது தானே அடங்கிவிடும். ஆனால் காலையில் தலைவலி, இரவில் வியர்த்து மூச்சுமுட்டி விழிப்பது, பகலில் குழப்பம், அடங்காத தூக்கம் என்று வந்தால் தாமதிக்காமல் இயந்திரத்தையும் மாஸ்க்கையும் எடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். மாஸ்க்கில் வீட்டில் ஏதாவது மாற்றியிருந்தால் அதை மறைக்காமல் காட்டுங்கள்.