நாடாக் களஞ்சியமும் அதன் ஏடும்

மெயின்பிரேம் என்னும் பெருங்கணிப்பொறியின் இயல்பை ஆராயும் மாணாக்கர், ஸ்டோரேஜ்டெக் கம்பெனியார் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட 4400 என்னும் நாடாக் களஞ்சியத்தை அறிதல் நன்று. பன்னிரு முகமுடைய அக்கூண்டினுள் ஏறக்குறைய 6,000 கார்ட்ரிட்ஜுகள் அடங்கின. நடுவே சுழலும் இயந்திரக்கை, அவற்றின் முதுகிலுள்ள கோட்டுக்குறியைக் காமிராவாற் படித்து, வேண்டியதனை எடுத்துப் பொறியிற் செருகியது.

எந்நாடா எவ்வறையிலுள்ளதென்பதை அக்கை தானே அறியாது. அதனை அறிவது கட்டுப்பாட்டு ஏடு ஒன்றே. அவ்வேட்டைப் பேணுதற்கென அமைந்தது ஸ்லுஅட்மின் என்னும் நிரல். இதனைத் தொகுதிவேலையாகச் சமர்ப்பிப்பர். கட்டளைகள் எஸ்எல்எஸ்இன் என்னுங் கோப்பின் வழியே புகும்.

ஆடிட் என்னுங் கட்டளையிடின், கை அறைதோறுஞ் சென்று குறியைப் படிக்க, அஃது ஏட்டோடு ஒப்பிடப்படும். கதவைத் திறந்து யாரேனும் நாடாக்களை இடம் மாற்றிய பின் இதனைச் செய்யாவிடின், கை வெற்றறையையே துழாவும்!

நாம் மிகவும் அஞ்சவேண்டுவது ஸ்கிராட்ச் அப்டேட் என்பதனையே. மேலாண்மை நிரல் காலங்கடந்தனவெனத் தரும் நாடாக்களை, மீண்டும் எழுதற்குரியனவென்று ஏட்டிற் குறிப்பது இது. பழைய பட்டியலை ஒருவர் இட்டுவிடின், உயிருள்ள கணக்கடங்கிய நாடாவே புதியதென்று பொறியேறும். மேலாண்மை நிரல் ஆராய்ந்து அதனை மறுக்கும். ஆயினும் மறுப்பும் மறுகேள்வியுமாக இரவு வேலைகளெல்லாந் தேங்கும்.

ஏடே பழுதுற்றால் யாது செய்வது? பேக்அப் எடுத்த பிரதியோடு, அதற்குப்பின் நிகழ்ந்த மாற்றங்களைக் குறித்த ஜர்னலையுஞ் சேர்த்து, ரெஸ்டோர் கட்டளையால் மீட்கலாம். ஜர்னல் இல்லாதவிடத்து, பழம்பிரதியை மீட்டபின் களஞ்சியம் முழுவதையும் ஆடிட் செய்தலே வழி.