கறுப்புப் பக்கமும் தொலைபேசி எண்ணும்

அன்புள்ள தங்கைக்கு,

இணையத்தில் எதிர்ப்புத் தெரிவித்து ஒரு சட்டத்தை நிறுத்த முடியுமா, இல்லை அதெல்லாம் வெறும் ஆரவாரமா என்று கேட்டிருந்தாய். முடியும். ஆனால் யாரிடம், எந்தப் பிரிவைப் பற்றி, எந்தக் கெடுவுக்குள் பேச வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். 2012 ஜனவரி 18 அன்று அமெரிக்காவில் நடந்ததை நிதானமாகப் பார்த்தால் இது விளங்கும்.

அப்போது அங்கே இரண்டு மசோதாக்கள் நிலுவையில் இருந்தன. பிரதிநிதிகள் சபையில் லமார் ஸ்மித் கொண்டுவந்தது சோபா. செனட்டில் பாட்ரிக் லேஹி கொண்டுவந்தது பிபா. படத்தையும் பாட்டையும் திருடி விற்கும் வெளிநாட்டுத் தளங்களைத் தடுப்பதே நோக்கம் என்றார்கள். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வழியில்தான் வில்லங்கம். 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையாளர் சுட்டிக்காட்டும் திருட்டுப் பிரதியைத் தளம் நீக்கிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை முடிந்துவிடும். புதிய மசோதாக்களோ தளத்தையே குறிவைத்தன. நீதிமன்ற ஆணை வந்துவிட்டால் தேடுபொறி அதைக் காட்டக் கூடாது, பணப் பரிமாற்றச் சேவையும் விளம்பர நிறுவனமும் அதோடு உறவை முறித்துக்கொள்ள வேண்டும், இணையச் சேவை நிறுவனம் அதன் முகவரியை முடக்க வேண்டும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. இப்படி நடக்கும் என்பது வீண் பயமல்ல. 2012 மே மாதம், '3' உள்ளிட்ட படங்களின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற ஆணையைக் காட்டி, இங்கே சில சேவை நிறுவனங்கள் விமியோ போன்ற முழுத் தளங்களையே முடக்கிவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டுமே முடக்க வேண்டும் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டிவந்தது.

ஜனவரி 18க்கு வருகிறேன். ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட பங்களிப்பாளர்கள் விவாதித்து எடுத்த முடிவின்படி ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்கத் தன்னை மூடிக்கொண்டது. ரெடிட் 12 மணி நேரம் மூடியது. கூகுள் தன் பெயர் மேல் கறுப்புப் பட்டை போட்டு, எதிர்ப்பு மனுவுக்கு எழுபது லட்சம் கையொப்பம் திரட்டியது. பலர் நினைவில் தங்கியது அந்தக் கறுப்புத் திரைதான். ஆனால் விக்கிப்பீடியா பக்கத்தில் ஒரு சிறு பெட்டி இருந்தது. அமெரிக்க வாசகர் தன் அஞ்சல் குறியீட்டை இட்டால் தன் தொகுதி உறுப்பினரைத் தொடர்புகொள்ளும் விவரம் வரும். பதினாறு கோடிக்கும் மேற்பட்டோர் பக்கத்தைப் பார்த்தார்கள். அந்த விவரத்தைத் தேடியவர்கள் எண்பது லட்சம் பேர். என் கணக்கில் அன்றைய போராட்டம் என்பது இந்த எண்பது லட்சம்தான். செனட் வாக்கெடுப்பு ஜனவரி 24 என்று நாள் குறித்தாகிவிட்டது; அதற்கு ஆறு நாள் முன்னால் வாக்காளர்களின் குரல் உறுப்பினர்களைத் தேடி வந்தது. செனட் மசோதாவை இணைந்து முன்மொழிந்தவர்களில் ஒருவரான மார்கோ ரூபியோ அன்றே ஆதரவை விலக்கிக்கொண்டார். இன்னும் சிலரும் விலகினார்கள். 20ஆம் தேதி செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹாரி ரீட் வாக்கெடுப்பைத் தள்ளிவைத்தார். ஸ்மித்தும் தன் மசோதாவை நிறுத்திவைத்தார். இரண்டும் பிறகு வாக்கெடுப்புக்கு வரவே இல்லை.

இதெல்லாம் கூகுளின் பணபலம், மக்கள் வெறும் கருவி என்று ஒரு வாதம் உண்டு. அமெரிக்கப் படத் தயாரிப்பாளர் சங்கத் தலைவர் கிறிஸ் டாட் இதை அதிகார துஷ்பிரயோகம் என்றே கண்டித்தார். நிறுவனங்களுக்குச் சொந்த லாபம் இருந்தது உண்மை; மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பணபலம் திரைத்துறையிடமும் இருந்தது. அதை வைத்துத்தான் மசோதாக்கள் அவ்வளவு தூரம் வந்தன. இரு பக்கமும் பணம் இருந்த இடத்தில் கூடுதலாக வந்து சேர்ந்தது வாக்காளர் குரல். முகவரி முடக்கம் இணையப் பாதுகாப்பையே கெடுக்கும் என்று பொறியாளர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். போராட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் வெள்ளை மாளிகையும் அந்தப் பிரிவை ஏற்கவில்லை. ஆதாரம் தயாராக இருந்ததால்தான் எதிர்ப்பு எடுபட்டது.

அப்படியானால் திருட்டுக்கு என்ன வழி என்று கேட்பாய். நியாயமான கேள்வி, படம் எடுப்பவனின் உழைப்பும் உழைப்புதான். இதற்கு மறுநாளே பதில் கிடைத்தது. ஜனவரி 19 அன்று திருட்டுப் பிரதிகளைப் பரப்புவதாகக் குற்றம்சாட்டி, அமெரிக்க நீதித்துறை மெகாஅப்லோடு தளத்தை மூடியது. அதை நடத்தியவர்களில் சிலர் நியூசிலாந்தில் கைதானார்கள். அந்த வழக்கின் சரி தவறு வேறு பேச்சு. வெளிநாட்டிலிருந்து நடத்தப்பட்ட ஒரு தளத்தின் மேல் கைவைக்க, நடைமுறையில் இருந்த சட்டமே போதுமானதாக இருந்தது.

நம் நாட்டிலும் மசோதா வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் மத்திய அரசு கொள்கை வகுத்திருக்கிறது. அது எப்போதும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. அதற்காகக் கிடைக்கும் வாய்ப்பை விட்டுவிடாதே. அடுத்த முறை இணையம் பற்றிய வரைவு வெளியானால், ஹேஷ்டேக் போடும் முன் அதைப் படி. உனக்கு உடன்பாடில்லாத பிரிவின் எண்ணைக் குறித்துக்கொள். காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி, கெடு முடியும் முன் அமைச்சகத்துக்கும் உன் தொகுதி எம்.பி.க்கும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்