வெக்கைக்கு ஒரு தட்டு ரோஜாக்

சிங்கப்பூரின் ஈசூனுக்குப் பெயர் தந்த லிம் நீ சூன் ரப்பர், அன்னாசித் தோட்ட முதலாளி. அதனால் இந்த ஊர்க்காரர்கள் ரோஜாக்கில் அன்னாசியைத் தாராளமாகவே போடலாம்! வடையும் உருளைக்கிழங்கும் பொரித்து, சிவப்புக் குழம்பில் தொட்டுச் சாப்பிடும் இந்திய ரோஜாக் வேறு. இது பழமும் காயும் கலந்த பச்சை ரோஜாக். அடுப்பு வேலை மிகக் குறைவு.

சோங் பாங் சந்தையிலோ தேக்காவிலோ அன்னாசி, வெள்ளரி, பங்குவாங் கிழங்கு, புளிப்பு மாங்காய் வாங்கிக்கொள்ளுங்கள். நறுக்கிய அன்னாசியை உப்புத் தண்ணீரில் சற்று ஊறவிட்டு வடித்தால் நாக்கு அவ்வளவாக அரிக்காது. வெள்ளரியின் விதைப் பகுதியை ஸ்பூனால் வழித்துவிடுங்கள்; ரோஜாக் நீர்த்துப் போவது பெரும்பாலும் அதனால்தான். பங்குவாங்கைத் தோல் சீவி, கொஞ்சம் பெரிய துண்டாகவே போடுங்கள். மெல்லும்போது மொறுமொறுவென்று இருக்கவேண்டும்.

கடையில் கறுப்பு இறால் விழுது சேர்ப்பார்கள். சைவக்காரர்கள், நாலு பேர் சாப்பிடும் அளவுக்கு, நெல்லிக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, 2 மேசைக்கரண்டி குலா மலாக்கா வெல்லம், 1 தேக்கரண்டி அரைத்த மிளகாய், உப்பு, லிமாவ் கஸ்தூரி எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குழைக்கலாம். புளிப்பு தூக்கலாக இருப்பதே எனக்குப் பிடிக்கும். புங்கா காந்தான் (இஞ்சிப்பூ) மொட்டு கிடைத்தால் பொடியாக அரிந்து தூவுங்கள். அந்த மணத்துக்கு மாற்றே இல்லை.

காய், பழம், குழம்பு எல்லாவற்றையும் தனித்தனியே ஃபிரிட்ஜில் வையுங்கள். தட்டில் போடும்போதுதான் கிளறவேண்டும். வறுத்து இடித்த வேர்க்கடலை கடைசியில்.